சனிக்கிழமைச் சம்பளமும் நாற்பத்தைந்து நாள் பாக்கியும்: திருப்பூர்ச் சிறு முதலாளிகளின் பணிச்சோர்வு

பணிச்சோர்வு பற்றிய ஆய்வு முதலாளிகளை வைத்துத் தொடங்கியதல்ல. நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டு செய்தவர்கள் ஏறத்தாழ ஓராண்டிலேயே வற்றிப்போவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974-இல் அதற்கு 'பர்ன்அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் மனிதரோடு பழகிப் பணிபுரிவோரை மனத்தில் கொண்டு அமைந்தது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, எதிரே நிற்கும் மனிதர்மேல் வரும் ஒட்டாமை, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு என மூன்று கூறுகளை அது அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.டி.-11 வகைப்பாடு பணிச்சோர்வை நோய்களில் சேர்க்கவில்லை. அது பணியிடம் சார்ந்த நிலை. வாழ்வின் பிற பகுதிகளில் நேர்வதற்கு அப்பெயரை இடக்கூடாது என்று வரம்பும் கட்டியது.

சிறு முதலாளியிடம் வரும்போது இந்த வரம்பு குலைகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. கம்பெனியின் பான் எண்ணும் அவருடைய பான் எண்ணும் ஒன்றே. அவருடைய பணியிடம் எந்தக் கதவோடு முடிகிறது? திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் தையல் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை வைக்கும் வாதம் இது: பணம் வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சொந்த உடைமையாலும் சொந்தப் பெயராலும் ஓயாமல் நிரப்ப வேண்டியிருப்பதே இவர்களுடைய சோர்வின் முதற்காரணம். வேலைநேரத்தின் நீளம் அதற்கு அடுத்தபடிதான். ஆகவே சமாளிக்கும் வழியும் கணக்குப் புத்தகத்தில் தொடங்க வேண்டும்.

பள்ளம் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். பனியன் தொழில் துண்டு துண்டாகப் பிரிந்து நடப்பது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி வேறு வேறு இடங்கள். இருபது பவர் டேபிள் வைத்திருப்பவர் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். அவருடைய சரக்கு பெரும்பாலும் உழைப்பு மட்டுமே. அதற்கான செலவோ வாரந்தோறும் ரொக்கம். சனிக்கிழமை சம்பள நாள். பிற்பகல் மூன்று மணிக்கு டைலர்கள் பீஸ் கணக்கை நோட்டில் சரிபார்த்துக்கொண்டிருக்க, முதலாளி மாடிப்படியில் நின்று, வர வேண்டிய பாக்கிக்காக எக்ஸ்போர்ட்டரிடம் போன் பேசிக்கொண்டிருப்பார். "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சுங்க, திங்கட்கிழமை விழுந்துரும்" என்று மறுமுனை சொல்லும். திங்கட்கிழமை வரை டைலர் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வீதியில் ஆள் தேவை என்று போர்டு தொங்குகிறது. அவர் போய்விட்டால் கையிலுள்ள ஆர்டர் நிற்கும், ஷிப்மென்ட் தேதி தவறும், தாமதத்துக்கும் ரிஜெக்ட் ஆன பீஸுக்கும் சேர்த்து டெபிட் நோட் வரும். அதனால் எங்கேயாவது புரட்டிச் சம்பளத்தைப் போட்டுவிட வேண்டும். ஓ.டி. கணக்கில் இடமில்லை என்றால் நகை. நகையும் தீர்ந்தால் தினவட்டி, மீட்டர் வட்டி. கொடுமையான வட்டி வாங்குவதைத் தடைசெய்து 2003-இல் தமிழகச் சட்டமே வந்துவிட்டது. ஆயினும் சனிக்கிழமை மாலைக்குள் பணத்தை எண்ணி வைப்பவர் வட்டிக்காரர் மட்டுந்தான்.

இது வாராவாரம் நடப்பது. மீதியெல்லாம் மாதக் கணக்கு: பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதினைந்தாம் தேதி, ஜி.எஸ்.டி. இருபதாம் தேதி. நூல் விலையும் ஒன்றிய அரசின் வரியும் அமெரிக்காவின் சுங்கமும் இவற்றுக்கு மேலே நின்று ஆட்டுகின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கச் சுங்கம் 50 விழுக்காடானபோது ஆர்டரை நிறுத்தியவர் பையர். அதன் முழு அதிர்வும் வந்து சேர்ந்தது சங்கிலியின் கடைசிக் கண்ணியான ஜாப் ஒர்க் கம்பெனிக்கு.

இராபர்ட் காராசெக் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வேலையின் நெருக்கடி எவ்வளவு கூடினாலும் முடிவெடுக்கும் உரிமை கையில் இருந்தால் மனம் தாங்கிக்கொள்ளும். தொழில்முனைவோர் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு இதுவே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஜாப் ஒர்க் முதலாளியிடம் இது பொய்த்துப்போகிறது. யாரை வேலைக்கு வைப்பது, எந்த மெஷின் வாங்குவது என்பவற்றில் அவர் ராஜா. ரேட்டையும் தேதியையும் பேமெண்ட்டையும் முடிவு செய்பவர் வேறொருவர். முயற்சிக்கும் கைம்மாறுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி ஜொஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் எழுதியது இவருக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். அதிலும் ஒரு திருத்தம் வேண்டும் என்பேன். கைம்மாறு குறைவாக இருப்பதைக் காட்டிலும், அது எந்த நாளில் வரும் என்று தெரியாமலிருப்பதே மனிதரை அரிக்கிறது. வராது என்று தெரிந்த பணத்தை எழுதிவிட்டு நகரலாம். வரும் வரும் என்ற பணத்தை எழுதவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது.

அப்படியானால் இவர்கள் ஏன் வாய்திறப்பதில்லை? ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய நூல், வேளாண் குடும்பத்திலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள் தங்கள் ஏற்றத்தை உழைப்பு என்ற ஒன்றைக் கொண்டே விளக்குவதைக் காட்டியது. சாரி அதை வர்க்க வரலாறாகப் படித்தார். பணிச்சோர்வின் பக்கத்திலிருந்து படித்தால் இன்னொன்று தெரிகிறது. உழைப்பால் வந்தவன் என்பது இங்கே ஒரு கடன் தகுதி. நூல்காரரும் வங்கி மேனேஜரும் சீட்டு நடத்துபவரும் அதை நம்பித்தான் தருகிறார்கள். ஆள் தளர்ந்துவிட்டார் என்ற பேச்சு டீக்கடைவரை வந்துவிட்டால், கடன் கொடுத்தவர்கள் ஒரே வாரத்தில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சோர்வை மறைப்பதைத் தன்முனைப்பு, ஆண்மைத் திமிர் என்று மட்டும் விளக்குவது போதாது. அவருக்கு அது தொழிலின் ஒரு தேவை. மனம்விட்டுப் பேசுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள், பேசுவதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலையைக் கணக்கில் கொள்வதில்லை.

மறைத்தாலும் சோர்வு வெளிப்படும். மாஸ்லாக் சொன்ன ஒட்டாமை இங்கே பட்டறைத் தளத்தில் தெரியும். ஒவ்வொரு டைலரின் ஊரும் பிள்ளைகளின் படிப்பும் தெரிந்து வைத்திருந்தவர், "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று சொல்லத் தொடங்குவார். வீட்டில் அதே ஒட்டாமைக்குப் பெரும்பாலும் மனைவி ஆளாகிறார். கணக்கெழுதுவது, செக்கிங் பார்ப்பது, நகையைக் கொடுப்பது எல்லாம் அவர்தான். எந்த ஆவணத்திலும் அவர் பெயர் முதலாளி என்று இராது. தொழில்முனைவோர் மனநலம் பற்றிய எழுத்துகளில் இவருக்கு இடமே இல்லை என்பது அத்துறையின் பெரிய ஓட்டை.

ஓய்வு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்தபின் மனம் அதிலிருந்து விடுபடுவது மீட்சிக்கு இன்றியமையாதது என்று சபீன் சொன்னன்டாகின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. ஆனால் விடுபடுவதற்கு முதலில் போனை எடுக்க வேறொருவர் வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குப் பணமும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர் ஏற்காட்டுக்குப் போனாலும் பாக்கிப் பட்டியல் கூடவே போகும்.

அந்தப் பணம் நேரத்துக்கு வருவதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை நாற்பத்தைந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் கூட்டுவட்டி. முறையிட 2017-இல் சமாதான் இணையதளமும் வந்தது. ஆனால் ஒரே ஒரு எக்ஸ்போர்ட்டரை நம்பி ஓடும் கம்பெனி அவர்மேல் முறையிட்டால் மறுநாள் தைக்கத் துணி வராது. முறையீட்டையே வேண்டாததாக்கியது என்ற வகையில் 2023-இன் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவு நல்ல திருப்பம்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும். குறையும் அங்கேயே இருக்கிறது. மே மாத பில்லை டிசம்பரில் தீர்த்தாலும் அதே நிதியாண்டுதான், வாங்கியவருக்கு நட்டமில்லை. இந்தப் பிரிவு மார்ச் மாதத்தில் மட்டும் விழித்துக்கொள்கிறது. சம்பளமோ ஆண்டுக்கு 52 சனிக்கிழமை.

எனவே முதலாளி தானாகச் செய்யக்கூடியவை அடக்கமானவை, ஆனால் வெறும் ஆறுதலைவிட உறுதியானவை. இரண்டு வாரச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொடாமல் வைப்பது. முடியாவிட்டால் நான்கு டேபிளைக் குறைத்தாவது வைப்பது. ஒரே வாடிக்கையாளரிடம் பாதிக்கு மேல் வேலை எடுக்காமலிருப்பது. சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுப்பதோடு எக்ஸ்போர்ட்டரிடம் பேசும் அதிகாரத்தையும் கொடுப்பது. டேபிளைக் குறைப்பது ஊரார் கண்ணில் இறங்குமுகமாகத் தெரியும் என்பதால் இதில் முதலாவதுதான் மிகக் கடினம். இவற்றால் தீராமல் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அது பணிச்சோர்வின் எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவரிடமோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலோ பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலைக் காரணங்களில் கடன்சுமைக்கென ஆண்டுதோறும் தனி வரிசை போடும் நாடு இது.

கம்பெனியையும் ஆளையும் பிரிக்கும் சுவர்தான் எஞ்சியிருக்கும் கேள்வி. 2008-ஆம் ஆண்டின் சட்டத்தால் எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை வந்தது, 2013-இன் கம்பெனிகள் சட்டம் ஒருநபர் கம்பெனியை அனுமதித்தது. தாளில் சுவர் எழும்பியது. கடன் கேட்டுப் போனால் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தில் அது இடிகிறது. பிணையில்லாக் கடனுக்காக 2000-இல் ஏற்பட்ட உத்தரவாத நிதியம் இருந்தும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் பழக்கம் போகவில்லை. மூடிவிடலாம் என்றாலும் வழி குறுகலே. திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி 2016-இல் இயற்றப்பட்டு, 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. தனி உரிமையாளர் அன்று விடுபட்டுப் போனார். அவருக்கென்று விடப்பட்டது 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். ஊர்ப்பேச்சில் அது மஞ்சள் நோட்டீஸ். அதைக் கொடுத்தவர் வீட்டில் பெண் எடுக்கக்கூடத் தயங்குகிறார்கள் என்பதால், மூடியிருக்க வேண்டிய கம்பெனி இன்னொரு சனிக்கிழமையையும் வட்டிக்கு வாங்கி ஓடுகிறது.