மார்ச்சிங் கியூப்ஸ்

முப்பரிமாணக் கட்டத் தரவில் ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் பரப்பை முக்கோணங்களாக வரைந்தெடுக்கும் கணினி வழிமுறை. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் 1987இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் இதை வெளியிட்டனர். சி.டி., எம்.ஆர்.ஐ. அடுக்குப் படங்களிலிருந்து எலும்பையும் தோலையும் முழு உருவமாகக் காட்டுவது அவர்கள் நோக்கம்.

கட்டத்தின் ஒவ்வொரு கனசதுரத்திலும் 8 மூலைகள். ஒவ்வொரு மூலையின் மதிப்பும் நாம் கேட்கும் மதிப்பைவிடக் கூடுதலா குறைவா என்று பார்த்தால் 256 நிலைகள் வரும். சமச்சீரைக் கொண்டு அவற்றை 15 ஆகச் சுருக்கினார்கள். முக்கோணத்தின் முனை எங்கே விழும் என்பது எளிய விகிதக் கணக்கு. ஒரு விளிம்பின் இரு முனைகளில் 90, 130 என்றிருக்க, 100க்கான பரப்பு வேண்டுமானால், 90இலிருந்து கால் பங்கு தூரத்தில் விழும். படிக்கட்டாகத் தெரிய வேண்டிய உருவம் வழவழப்பாவது இதனால்தான். வழிமுறையின் அழகும் இதுவே.

சில நிலைகளில் மூலைகளை இரண்டு விதமாக இணைக்கலாம். அடுத்தடுத்த கனசதுரங்கள் முரண்பட்டால் பரப்பில் ஓட்டை விழும். பிந்தைய திருத்தங்கள் இதைச் சரிசெய்தன.

லோரன்சன் பின்னர் வில் ஷ்ரோடர், கென் மார்ட்டினுடன் சேர்ந்து விடிகே மென்பொருள் நூலகத்தை உருவாக்கினார்; பாராவியூ என்ற காட்சிப்படுத்தல் மென்பொருள் அதன்மேல் எழுந்தது.

இந்த வழிமுறையில், பரப்புக்காகத் தேர்ந்த மதிப்பு சற்று மாறினாலும் மெல்லிய எலும்பில் இல்லாத துளை தோன்றிவிடலாம். எந்த மதிப்பில் வரைந்தது என்பதைப் படத்தோடு குறிப்பிடுவது கட்டாயம்.