சிதறுதுப்பாக்கியில் ஏறிய விளக்கு: துணைக்கருவிகளின் வரலாறு

வங்கி வாசலில் நிற்கும் காவலரின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஷாட்கன் எனப்படும் சிதறுதுப்பாக்கியின் எளிய வடிவம் அது. அதில் குழல், மரக்கட்டை, விசை ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதே வகைத் துப்பாக்கி அமெரிக்கக் காவல்துறையினரின் கையில் இருக்கும்போது, முன்கைப்பிடியில் விளக்கு, பக்கவாட்டில் தோட்டாத் தாங்கி, மேலே குறிபார்க்கும் கருவி, தோள்வார் எனப் பல உறுப்புகளோடு காட்சி தருகிறது. இந்த மாற்றம் நிகழ ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. தொடக்கத்தில் விரைவாகச் சுடுவதற்காகவே துணைக்கருவிகள் சேர்க்கப்பட்டன. எதிரே நிற்பவர் யார் என்று அறிவதற்கான விளக்கு கடைசியில்தான் வந்தது.

சிதறுதுப்பாக்கியின் இயல்பு

ரைபிள் ஒரு நேரத்தில் ஒரே குண்டைச் சுடும். சிதறுதுப்பாக்கியின் ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும். நம் ஊரில் இவற்றைப் பால்ரஸ் குண்டுகள் என்பார்கள். மிகுதியாகப் புழங்கும் 12 போர் அளவில் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண்ணின் பொருள். காவல்துறையும் இராணுவமும் பயன்படுத்தும் பெரிய ரவைத் தோட்டாவில் பொதுவாக 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9 குண்டுகள் இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் அவை மெல்ல விரிந்து செல்லும். நெருங்கிய தொலைவில் இதன் தாக்கம் மிகக் கடுமையானது. ஒரு குண்டு இலக்கைத் தவறவிட்டாலும் அது வேறு யார்மீதாவது பாயலாம். எனவே எதிரே இருப்பது யார் என்ற கேள்வி இந்த ஆயுதத்தைக் கையாள்பவருக்கு மிக முக்கியமானது.

1918: முதல் துணைக்கருவிகள்

சிதறுதுப்பாக்கியோடு துணைக்கருவிகளைச் சேர்த்து அதைப் போர்க்கருவியாக்கிய முதல் பெரும் முயற்சி முதலாம் உலகப் போரில் நடந்தது. 1917 ஏப்ரலில் போரில் இறங்கிய அமெரிக்கா, பிரான்சின் குறுகிய பதுங்குகுழிகளில் கைக்கெட்டும் தொலைவில் போரிட வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற கருவியாக ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் பழைய தோட்டாக்கூடு வெளியேறிப் புதிய தோட்டா உள்ளே ஏறும். விசையை அழுத்தியபடியே முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு வேட்டு வெடிக்கும்.

இந்த வேகத்தால் ஒரு சிக்கல் எழுந்தது. தொடர்ந்து சுட்டால் குழல் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். பதுங்குகுழிச் சண்டையிலோ துப்பாக்கியின் முனையில் பயனெட் கத்தி தேவைப்பட்டது. கத்தியால் குத்தும்போது வீரரின் ஒரு கை குழலைப் பற்றியாக வேண்டும். ஆகவே குழலின்மேல் துளைகளிட்ட எஃகுத் தகட்டுக் கவசம் பொருத்தப்பட்டது. அதன் முன்புறத்தில் பயனெட்டை மாட்டும் அமைப்பும், தோள்வாருக்கான வளையமும் சேர்க்கப்பட்டன. இவற்றோடு அது 'டிரெஞ்ச் கன்', அதாவது பதுங்குகுழித் துப்பாக்கி என்ற பெயரைப் பெற்றது. ஈரத்தில் காகிதத் தோட்டாக்கள் ஊதிப்போய் உள்ளே ஏற மறுத்ததால் பித்தளைத் தோட்டாக்களும் வந்தன.

1918 செப்டம்பர் 19 அன்று ஜெர்மனி இந்தத் துப்பாக்கிக்கு எதிராக அமெரிக்காவிடம் முறைப்படி கண்டனம் தெரிவித்தது. தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதங்களைத் தடைசெய்யும் ஹேக் உடன்படிக்கையை இது மீறுகிறது என்பது அதன் வாதம். இத்தகைய துப்பாக்கியோடோ அதற்குரிய தோட்டாக்களோடோ பிடிபடும் வீரருக்கு மரண தண்டனை என்றும் எச்சரித்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் இந்த வாதத்தை மறுத்தார். அத்தகைய தண்டனை நிறைவேற்றப்பட்டால் பதில் நடவடிக்கை உண்டு என்றும் தெரிவித்தார். நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்தது.

அந்த வழக்காடலில் இரு நாடுகளும் ஆயுதத்தின் கொடுமையைப் பற்றியே பேசின. பதுங்குகுழியில் எதிரே வருபவர் எதிரி என்பது ஏறத்தாழ உறுதி. அதனால் வெப்பக் கவசமும் பயனெட்டும் வீரருக்குப் போதுமானவையாக இருந்தன. அதே துப்பாக்கி நகரத் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தபோது இந்த உறுதி இல்லாமல் போனது.

இந்தியக் காடுகளில் டார்ச் விளக்கு

துப்பாக்கியோடு மின்விளக்கைப் பொருத்தும் பழக்கம் காவல்துறைக்கு முன்பே வேட்டைக்காரர்களிடம் இருந்தது. ஆட்கொல்லி விலங்குகள் பெரும்பாலும் இரவில்தான் இரைக்குத் திரும்பும். மரத்தின்மேல் பரணில் காத்திருப்பவர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் துப்பாக்கியுமாகக் குறிபார்க்க இயலாது. 125 பேரைக் கொன்றதாகப் பதிவான ருத்ரப்பிரயாக் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் சுட்டபோது, அவருடைய ரைபிளில் மின்விளக்கு பொருத்தப்பட்டிருந்தது. பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சனும் தம் வின்செஸ்டர் ரைபிளில் டார்ச் விளக்கைப் பொருத்தியே இரவில் காத்திருப்பார். ஜவளகிரி உள்ளிட்ட தமிழகக் காடுகளில் அவர் பெற்ற வேட்டை அனுபவங்கள் அவருடைய நூல்களில் இடம்பெற்றுள்ளன.

அன்றைய விளக்குகளுக்கு ஆயுள் குறைவு. உலர் மின்கலங்கள் கனமானவை, விரைவில் தீர்ந்துபோகும். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் மெல்லிய இழை, சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் அறுந்துவிடலாம். வேட்டைக்காரருக்கு ஒரே ஒரு வேட்டுக்கான வெளிச்சம் கிடைத்தால் போதும் என்பதால் இந்தக் குறைகளோடு சமாளித்தார்கள். காவலருக்கோ சுடுவதற்கு முன்பும் பின்பும் வெளிச்சம் தேவை.

இரண்டு கை, மூன்று வேலை

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் காவல் வாகனங்களில் சிதறுதுப்பாக்கி வழக்கமான ஆயுதமாக இருந்தது. 1950இல் அறிமுகமான ரெமிங்டன் 870 இவற்றுள் புகழ்பெற்றது. கைத்துப்பாக்கியை ஒரு கையாலும் இயக்கலாம். மறு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள முடியும். ஆனால் இழுத்துத் தள்ளும் சிதறுதுப்பாக்கிக்கு இரு கைகளும் வேண்டும். ஒரு கை விசையருகே இருக்கும்; மற்றொன்று முன்கைப்பிடியில் இருக்கும். விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இருட்டான கிடங்கிலோ மாடிப்படியிலோ நிற்கும் காவலர் ஒன்று வெளிச்சமில்லாமல் துப்பாக்கியை ஏந்த வேண்டும், அல்லது துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்காமல் வெளிச்சம் காட்ட வேண்டும்.

1980 மே 5 அன்று இலண்டனில் ஈரானியத் தூதரகத்தில் சிக்கிய பிணையாளிகளை மீட்க பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையினர் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் ஏந்திய எம்.பி.5 துணை இயந்திரத் துப்பாக்கிகள் சிலவற்றின் மேல் டார்ச் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. பிணையாளிகளும் ஆயுததாரிகளும் ஒரே அறையில், புகைக்கு நடுவே இருக்கும் இடத்தில் முகம் பார்த்துப் பிரித்தறிய வேண்டிய தேவை அங்கே இருந்தது.

இந்தக் காலத்தில்தான் கலிபோர்னியாவின் லேசர் புராடக்ட்ஸ் நிறுவனம், முதலில் துப்பாக்கிக்கான லேசர் குறிகாட்டிகளையும் பிறகு துப்பாக்கி விளக்குகளையும் செய்யத் தொடங்கியது. பின்னாளில் சூர்ஃபயர் என்று பெயர் மாறியது இந்த நிறுவனமே. புகைப்படக் கருவிகளில் பயன்பட்ட சிறிய 3 வோல்ட் லித்தியம் மின்கலங்களை இவ்வகை விளக்குகள் பயன்படுத்தின. அவற்றால் விளக்கின் அளவு உள்ளங்கைக்குள் அடங்கியது. அதிர்வு தாங்கும் வகையில் குமிழைப் பொதிந்து வைத்ததால் பின்னுதைப்பின் சிக்கலும் குறைந்தது.

எங்கே பொருத்துவது?

சிதறுதுப்பாக்கியில் விளக்கைப் பொருத்த மூன்று வழிகள் உருவாயின. முதலாவது, குழலுக்குக் கீழே ஓடும் தோட்டாக்குழாயின் முனையில் வளையப்பிடி ஒன்றை இறுக்கி அதில் விளக்கைச் செருகுவது. செலவு குறைந்த வழி இது. ஆனால் முன்கைப்பிடி முன்னும் பின்னும் நகர்வதால் கையும் அதோடு சேர்ந்து நகரும். கை பின்னே போகும்போது விளக்கின் சுவிட்சு எட்டாது. கம்பி வைத்து நீட்டினால் அது எங்காவது சிக்கும் அபாயம் உண்டு.

இரண்டாவது, முன்கைப்பிடியையே கழற்றிவிட்டு, விளக்கை உள்ளடக்கிய புதிய பிடியை மாட்டுவது. கை எங்கே நகர்ந்தாலும் சுவிட்சு விரலடியிலேயே இருக்கும். காவல்துறைகளில் இந்த வடிவமே பரவலானது. கூடுதல் எடையும் விலையும் இதன் குறைகள்.

மூன்றாவது, பள்ளங்கள் வெட்டிய உலோகச் சட்டத்தைத் துப்பாக்கியின்மேல் பதித்து, அதில் எந்தக் கருவியையும் மாட்டிக்கொள்வது. இதற்கு முன்னோடி, டெக்சாசைச் சேர்ந்த வீவர் நிறுவனம் தொலைநோக்கிகளைப் பொருத்த உருவாக்கிய சட்டம். அதில் பள்ளங்களின் இடைவெளி ஒரே சீராக இருக்காது. நியூ ஜெர்சியின் பிக்காட்டினி படைக்கலச் சாலையில் இதற்கு அளவுகள் வகுக்கப்பட்டன. 1995இல் அமெரிக்க இராணுவம் அதைத் தர அளவாக வெளியிட்டது. பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் விளக்கும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தலாம் என்ற நிலை இதனால் பிறந்தது. அமெரிக்க இராணுவம் 1999இல் தேர்ந்தெடுத்த, இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் வடிவமைத்த எம்1014 சிதறுதுப்பாக்கியில் இந்தச் சட்டம் இடம்பெற்றது.

எந்த வழியில் பொருத்தினாலும் சில சிக்கல்கள் பொதுவானவை. விளக்கு குழல்முனைக்கு வெகுவாகப் பின்தங்கினால் குழலின் நிழல் வெளிச்சத்தில் விழும். முனைக்கு மிக அருகில் இருந்தால் வெடிமருந்துக் கரி கண்ணாடியில் படிந்து ஒளியை மங்கச்செய்யும். 12 போரின் பின்னுதைப்பு திருகாணிகளைத் தளர்த்தும். எல்லாவற்றுக்கும் மேலாக எடை கூடும். விளக்கு, தோட்டாத் தாங்கி, நீண்ட தோட்டாக்குழாய் என ஒவ்வொன்றாகச் சேரும்போது துப்பாக்கியின் முன்பக்கம் கனத்து, வெகுநேரம் தூக்கிப்பிடிக்கக் கை தளரும்.

வெளிச்சத்துக்கும் குறிக்கும் உள்ள முரண்

துப்பாக்கி விளக்கின் பெரிய சிக்கல் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. விளக்கு எங்கே திரும்புகிறதோ, குழலும் அங்கேயே திரும்பும். ஒருவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர்மீது துப்பாக்கியை நீட்டியாக வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு பாதுகாப்பு விதிகளுள் இரண்டாவது, அழிக்கக் கருதாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பக் கூடாது என்பது. நான்காவது, இலக்கு எதுவென்று உறுதியாகத் தெரிந்த பிறகே சுட வேண்டும் என்பது. நான்காவது விதியைக் காக்க வந்த விளக்கு, இரண்டாவது விதியை மீறத் தூண்டியது.

இந்த முரணை ஓரளவு தளர்த்தியது ஒளியின் வளர்ச்சி. 1980களின் இறுதியில் புகழ்பெற்றிருந்த சூர்ஃபயர் 6பி கைவிளக்கின் ஒளி 65 லூமென் அளவே. ஆளை அடையாளம் காண அதை நேராக அவர்மீது அடித்தாக வேண்டும். 1990களில் ஜப்பானில் நீல எல்.இ.டி. உருவானது. அதிலிருந்து வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. பிறந்தது. அந்த நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.இ.டி.யில் அறுந்துபோக இழை கிடையாது, மின்செலவும் குறைவு. இன்று 1000 லூமென் ஒளி தரும் துப்பாக்கி விளக்குகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்தியபடியே விளக்கை எரித்தால், தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்திலேயே அறையில் இருப்பவரின் கைகளையும் முகத்தையும் காண முடிகிறது. யார்மீதும் குழலை நீட்டாமல் பார்க்கும் இந்த முறை இன்றைய பயிற்சிகளில் கற்றுத்தரப்படுகிறது. ஆனால் ஒளி மிகுவதிலும் தீங்கு உண்டு. வெள்ளைச் சுவரிலும் புகையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம், பிடித்திருப்பவரின் கண்ணையே கூசச்செய்யும். இருட்டுக்கு முழுதும் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை தேவைப்படும்.

கருவி தீர்க்காத இன்னொன்று மனிதப் பிழை. விளக்குச் சுவிட்சை அழுத்த முயன்ற விரல் விசையை அழுத்திவிட்ட நிகழ்வுகள், கைத்துப்பாக்கி விளக்குகளின் தொடர்பில் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன. எனவே வழிகாட்டவும் பொருள் தேடவும் தனியே ஒரு கைவிளக்கு வேண்டும் என்றும், துப்பாக்கி விளக்கைத் தேடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் பயிற்சியாளர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இன்றைய நிலை

1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் உடற்கவசம் அணிந்த இரு வங்கிக் கொள்ளையர்களைக் காவலர்களின் கைத்துப்பாக்கிகளாலும் சிதறுதுப்பாக்கிகளாலும் எளிதில் தடுக்க இயலவில்லை. அதன்பின் அமெரிக்கக் காவல் வாகனங்களில் சிதறுதுப்பாக்கியின் இடத்தை ரைபிள் மெல்லப் பிடித்துக்கொண்டது. விளக்கும் பிக்காட்டினி சட்டமும் அந்த ரைபிள்களுக்கும் இடம்பெயர்ந்தன.

1918இல் சேர்ந்த பயனெட் மாட்டியும் வெப்பக் கவசமும் இன்றைய காவல் துப்பாக்கியில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. விளக்கு மட்டும் நிலைத்துவிட்டது. இருட்டில் நிற்பவர் திருடனா, வழிதவறிய சிறுவனா, சக காவலரா என்பதை அறியாமல் விசையை அழுத்தினால் அதைத் திருத்த வழியில்லை. ஒரு விநாடி வெளிச்சத்தில் முகத்தைக் கண்டு, விசையிலிருந்து விரலை எடுக்க வைத்தால் அந்த விளக்கு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.