தசா புத்தியும் கோளறு பதிகமும்
சனி தசை பிறந்ததென்று அஞ்சித் திருநள்ளாற்றுக்கு விரைவோர் பலரை நாம் காண்கின்றோம். இன்று பெரிதும் வழங்கும் விம்சோத்தரி முறை, ஒன்பது கோள்களுக்கும் 120 ஆண்டுகளைப் பங்கிடுவது. பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரமே முதல் தசையைக் காட்டும். சனிக்கு 19 ஆண்டு. அதனுள் ஒன்பது புத்திகளும் அதே விகிதத்தில் அமையும். சுக்கிர புத்தி மட்டும் 3 ஆண்டு 2 திங்கள். ஆயின், 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் இம்முறை இல்லை. அவர் ஆயுர்தாயக் கணக்கின்வழித் தசை வகுத்தார். (சோதிடருள் கணக்கு வேறுபடுதல் புதிதன்று!) அடுத்த நூற்றாண்டில், மங்கையர்க்கரசியார் அழைப்பையேற்று மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தப் பெருமானை, கோள்நிலை நன்றன்றெனத் திருமறைக்காட்டில் அப்பரடிகள் தடுத்தார். அப்போது அருளிய பதிகத்தில் தசைக் கணக்கு இல்லை. நாளையும் கோளையும் எண்ணிச் சொல்லி, அவை அடியாரை வருத்தா எனப் பாடியே பிள்ளையார் பாண்டிநாடு நோக்கி எழுந்தருளினார்.