முத்துக்குளிப்போர் நாடி

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்மேற்கே நிலத்துள் வாங்கிக் கிடக்கும் தம்பலகாமக் குடா ஒருகாலத்தில் முத்துப்படு பரப்பாக விளங்கியது. ஆதிகோணநாயகர் கோயிலையும் நெல்வயல்களையும் கொண்டே அவ்வூரை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி வேறு. தம்பலகாமத்துச் சிப்பி வேறு. இது பிளக்கூனா என்னும் இனத்தது. ஒளி ஊடுருவும் மெல்லிய தட்டை ஓடு உடையது. ஆழங்குறைந்த சேற்றுநிலத்தில் வாழ்வது. இதன் முத்துக்கள் மிகச் சிறியன. அவை இந்தியாவுக்கு ஏற்றுமதியாகிச் சுண்ணாம்பாக நீற்றப்பட்டன என்றும், செல்வர் அதனை வெற்றிலையோடு மென்றனர் என்றும் எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். முத்தைச் சுட்டு வெற்றிலைக்குத் தடவிய செல்வத்தை என்னென்பது!

1858ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளில் குத்தகைக்காரர் இக்குடாவில் எடுத்த சிப்பிகள் ஒரு கோடியே எண்பது இலட்சத்திற்குக் குறையா எனக் கணக்கிட்டவர் வைத்தியர் கெலார்ட் ஆவர். இவர் இலங்கையிற் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை வைத்தியராகப் பணியாற்றியவர்; விலங்கியலிலும் பேரறிஞர். முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராயும் பணியை அரசாங்கம் இவரிடம் ஒப்படைத்தது. சிப்பி தன்னைப் பாறையோடு பிணிக்கும் நாரை விடுத்து இடம்பெயர வல்லது என்பது முதலான செய்திகளை இவர் திருகோணமலையிலிருந்தே எழுதினார். சிப்பியின் இயல்பு இவ்வாறு ஆராயப்பட்டது. அதனை எடுக்க மூச்சடக்கி மூழ்கிய மனிதனின் நெஞ்சு நீருக்கடியில் எவ்வாறு அடித்தது? இவ்வினாவுக்கு விடை வேறு கடலில், ஒரு நூற்றாண்டின் பின்னரே கிடைத்தது. அதனை விளங்கிக்கொள்ள நாடி பார்த்தலின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

நம் நாட்டுச் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும் உணர்வர். அவற்றின் அளவு முறையே ஒன்று, அரை, கால் மாத்திரை என்பது நூல் வழக்கு. வாதநாடி அன்னமும் கோழியும் மயிலும் நடப்பது போலவும், பித்தநாடி ஆமையும் அட்டையும் போலவும், கபநாடி பாம்பும் தவளையும் போலவும் செல்லும் என்பர். இங்கு அறியப்படுவது நடையே. நிமிடத்துக்கு எத்தனை என்னும் எண்ணிக்கை அன்று. ஆயினும் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். உண்டவுடன், எண்ணெய் முழுக்கின்பின், ஓடிவந்த களைப்பில், அச்சத்தில், துயரத்தில் இருப்பவனுடைய நாடியை நம்பலாகாது என நாடிநூல்கள் விலக்கியுள்ளன. உழைப்பும் உணர்ச்சியும் நாடியை மாற்றும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நோயை அறிதலே அவர்தம் நோக்கம் ஆதலின், அம்மாற்றத்தைக் கலக்கம் என ஒதுக்கினர். பிற்கால விஞ்ஞானம் கையில் எடுத்தது அவ்வாறு ஒதுக்கப்பட்டதையே.

மேலைநாட்டிலும் எண்ணிக்கை எளிதில் வந்துவிடவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு நாடியை அளந்தார் என்பர். அக்காலத்தவரான எராசிஸ்திராத்தஸ், செலூக்கஸ் மன்னனின் மகன் அந்தியோக்கஸ் நோயுற்றுக் கிடந்தபோது, அவன் சிற்றன்னை அறையினுள் வருந்தோறும் அவனது நாடி குழம்பியதைக் கண்டு, நோய் காதலே எனத் தெளிந்தார் என்னும் கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், ஒரு தூண்டலுக்கு நெஞ்சம் அளிக்கும் விடையைச் சான்றாகக் கொண்ட முறை அதிற் காணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான சாந்தோரியோ, நூலிற் கட்டிய குண்டின் ஊசலாட்டத்தை நாடியோடு ஒத்திசையச் செய்து, நூலின் நீளத்தால் வேகத்தைக் குறித்தார். 1707இல் ஆங்கிலேயரான ஜோன் புளோயர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தை இதற்கெனச் செய்வித்தார். கெலார்ட் காலமான 1860ஆம் ஆண்டளவில் மாரே என்னும் பிரான்சியர் நாடித் துடிப்பைத் தாளிற் கோடாக வரையும் கருவியை உருவாக்கிவிட்டார்.

உழைப்பு நெஞ்சின் வேகத்தைக் கூட்டும் என்பதற்குக் கருவியும் வேண்டுவதில்லை. இளைப்பாறியிருக்கும் வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பு இயல்பாகும். பிரெடரிக் கோட்டை வாயிலில் தன் நாடியை எண்ணிய மாணவன், கோணேசர் கோயில்வரை விரைந்தேறி மீண்டும் எண்ணினால் வேறுபாட்டைத் தானே காண்பான். தசைகள் மிகுதியான ஒட்சிசனைக் கேட்கின்றன. நெஞ்சு விரைந்து குருதியை அனுப்புகின்றது. அச்சமும் இவ்வாறே செய்யும். ஆகவே, கல்லைக் காலிற் பிணித்து இறங்கி, சுறா உலவும் கடலடியிற் கைகள் ஓயாது சிப்பி பொறுக்குபவனின் நெஞ்சு படபடவென அடிக்கும் என்றே எவரும் கருதுவர்.

மன்னார்ப் பக்கத்து அரிப்பு முத்துச்சலாபத்தைப் பல்லாண்டு மேற்பார்த்த கப்டன் ஸ்தூவர்ட், எந்தக் குளிகாரனும் 87 செக்கனுக்குமேல் அடியில் நின்றதைத் தாம் கண்டதில்லை என்றும், 13 பாகத்துக்குமேல் ஆழ்ந்ததில்லை என்றும் தெனன்றுக்குக் கூறினார். சாதாரணமாக ஒன்பது பாக ஆழத்தில், அதாவது 54 அடியில், 55 செக்கனைத் தாண்டுவது அரிது. நீண்ட நேரம் நின்றதாகப் பயணிகள் எழுதிய கட்டுக்கதைகளை இக்கணக்கு ஒழித்தது. சுறாவின் வாயைக் கட்டும் ‘கடற்கட்டி’ என்பவரும் சலாபத்தில் இருந்தார். அவர் மந்திரம் இன்றிக் குளிகாரர் கடலில் இறங்கார். தெனன்ற் காலத்தில் அப்பரம்பரையின் தலைவர் கத்தோலிக்கராக இருந்தார்; அதனால் மந்திரத்தின் மதிப்பு எவர்க்கும் குறையவில்லை. சுறா அதற்குக் கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்போன் நெஞ்சு கட்டுப்பட்டிருக்கும் என்பது என் துணிபு. அச்சம் நீங்கினவன் அடக்கிய மூச்சை வீணே செலவிடான்.

இனி விடைக்கு வருவோம். நீரில் அமிழ்த்திய வாத்தின் நெஞ்சு மெதுவாவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போல் பேர் என்னும் பிரான்சிய அறிஞர் கண்டிருந்தார். 1940இல் நோர்வே நாட்டவரான ஷோலண்டர் சீல் முதலிய மூழ்கும் விலங்குகளில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் அவரும் துணைவரும் அவுஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள தொரெஸ் நீரிணையில், அந்நாட்டுப் பழங்குடி முத்துக்குளிப்போரை ஆராய்ந்து 1962இல் முடிபுகளை வெளியிட்டனர். மூழ்கி 20 முதல் 30 செக்கனுக்குள் நாடி விரைவு குறைந்தது; குருதியமுக்கமோ வீழவில்லை. முகத்தில் நீர் பட, மூச்சும் அடங்க, மூளையிலிருந்து வரும் வேகசு நரம்பு நெஞ்சைத் தணிக்கின்றது. கைகால்களுக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. இருக்கும் சிறிது ஒட்சிசன் நெஞ்சுக்கும் மூளைக்கும் சேமிக்கப்படுகின்றது. தசைகள் கடன்பட்டு உழைக்கின்றன; தேங்கிய இலற்றிக்கமிலம் மேலே வந்தபின்னரே குருதியிற் பெருகித் தோன்றுகின்றது. ஆசிரியர் அருகிருக்க, நெஞ்சுநோய் இல்லாத மாணவன் ஒருவன் குளிர்நீர்ப் பாத்திரத்தில் முகத்தை அமிழ்த்தினாலும் இதன் சாயலைக் காணலாம். நம் கிணற்றுநீர் போதாது, பனிக்கட்டி இடவேண்டும்.

இவ்விரு கணக்குகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தல் தகும். அரிப்புக் குளிகாரன் அடியில் நின்றது 55 செக்கன் என்றும், நெஞ்சு தணியத் தொடங்குவது 20 முதல் 30 செக்கனில் என்றும் கொண்டால், அவன் சிப்பி பொறுக்கிய நேரத்திற் பாதியளவு தணிந்த நாடியோடு கழிந்திருக்கும் என ஊகிக்கலாம். கோயில்மலை ஏறுபவனுக்கு உழைப்பு நாடியை உயர்த்துகிறது. இவனுக்கோ உழைப்பின் நடுவே தாழ்கிறது. தம்பலகாமத்தாரின் நிலை இதனின் வேறுபட்டிருக்கலாம். நீர் ஆழங்குறைந்தது, இறங்கி எழும் நேரமும் சிறிது. நெஞ்சு தணியுமுன்னரே தலை மேலே வந்திருக்கும். மூச்சிழுத்து மறுபடியும் மூழ்கியிருப்பர். ஒரு கோடியே எண்பது இலட்சம் ஓடுகள் அவ்வாறே கரை சேர்ந்தன.