நுங்கம்பாக்கத்துக் காந்த ஊசியும் நட்சத்திரப் பிரகாசமும்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று வானிலை மையம் இயங்கும் வளாகத்திலே, கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நிறுவிய வானோக்கு நிலையத்தின் கருங்கல் ஸ்தம்பமொன்று, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெட்டிய சாசனத்தோடு நிற்கிறது. அங்கே இழையில் தொங்கும் காந்தச் சட்டத்தின் அணுவளவு அசைவையும் குறித்து, 1846 முதல் 1850 வரையிலான கணக்கை, நிலையத் தலைவர் ஜேக்கப் துரையின் காலத்தில் புஸ்தகமாகவே பதிப்பித்தார்கள்.

1861-இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சனுக்கோ நட்சத்திரங்களின் பிரகாசமே உயிர். ஐந்து படி ஒளி வேற்றுமை நூறு மடங்கு எனக் கொண்டு, ஒரு படிக்கு 2.512 என்று அவர் வகுத்த விகிதத்தையே உலகம் இன்றும் கைக்கொள்கிறது. அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். நம் நாட்டார் ஒருவரின் அச்சாதனையை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்நட்சத்திரத்தின் மாற்றம் அதன் உடல் விம்மித் தணிவதால் நேர்வது. ஆயினும் வேறு சில நட்சத்திரங்களின் ஒளியை ஆட்டிவைப்பது காந்தமே என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறியார்.

சூரியனல்லாத நட்சத்திரமொன்றின் காந்தத்தை 1947-இல் ஹோரஸ் பாப்காக் முதன்முதலாக அளந்தார். பேருருவ நட்சத்திரங்களின் ஒளியே அவற்றின் மேற்பரப்பு வாயுவை உந்தித் தள்ள, அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் காற்றாகப் பாய்கிறது. வலிய காந்தப் புலம் இருப்பின், அக்காற்று புலக்கோடுகளின் வழியே வளைந்து, இரு துருவப் பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் மோதி, எக்ஸ் கதிர்களை உமிழும்.

ஓரியன் மண்டலத்து இடைவார் நட்சத்திரங்கள் மூன்றினுள் கிழக்கே உள்ளதன் அருகில், வெறுங்கண்ணுக்குத் தனியே புலப்படாத சிக்மா ஓரியோனிஸ் ஈ என்பது இதற்குச் சிறந்த சான்று. சென்னையில் அரை காஸ் (காந்தப் புலத்தின் அலகு) அளவைக்கூட எட்டாத பூமியின் காந்தத்துக்கு எதிரே, அதன் புலம் சுமார் 10,000 காஸ். அப்புலத்தில் சிக்கிய வாயு மேகங்கள், 1.19 நாளுக்கு ஒரு முறை சுழலும் நட்சத்திரத்தோடு பிணைந்தே சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை அதன் ஒளியை மறைக்கின்றன. அம்மறைப்புகளின் நேரத்தைப் பல்லாண்டுகள் கூர்ந்து அளந்தவர்கள், காந்தப் பிடியில் சிக்கிய காற்று நட்சத்திரத்தின் சுழற்சிக்கே தடை போடுவதையும், சுழற்சிக் காலம் ஆண்டுக்கு விநாடியில் ஆயிரத்தில் 77 பங்கு நீள்வதையும் 2010-இல் நிறுவினார்கள்.