பிரிட்டிஷ் வணிக டாலர்

பிரிட்டிஷ் வணிக டாலர் என்பது 1895 முதல் 1935 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி வெளிவந்த வெள்ளி நாணயம். பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டாலும் இது இந்தியாவில் புழங்குவதற்கான காசு அல்ல. ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு, சீனத் துறைமுகங்கள் ஆகியவற்றின் வணிகத்துக்கென்றே உருவானது. எடை 26.95 கிராம். அதில் 90 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. விட்டம் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர்.

இதற்கு முன்னோடிகள் பல. சீனத் தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாக நெடுங்காலம் போய்ச் சேர்ந்தது ஸ்பானிய அமெரிக்காவின் வெள்ளிதான். மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகு கழுகு பொறித்த மெக்சிகோ டாலர் அந்த இடத்தைப் பிடித்தது. அதை விரட்டப் பிறர் செய்த முயற்சிகள் எளிதில் பலிக்கவில்லை. பிரிட்டன் 1866இல் ஹாங்காங்கில் திறந்த நாணயச்சாலை நட்டம் தாங்காமல் 1868இல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்களை ஜப்பான் வாங்கிக்கொண்டது. அமெரிக்கா 1873இல் தன் வணிக டாலரை இறக்கியது. வெள்ளி விலை சரிந்ததும் அது உள்நாட்டிலேயே தொல்லையாகி, 1876இல் சட்டச் செலாவணித் தகுதியை இழந்தது. பிரான்சு 1885இல் இந்தோசீனாவுக்கென வணிகப் பியாஸ்டரை வெளியிட்டது.

1893இல் இந்திய அரசு, பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தியது. இதனால் இந்திய நாணயச்சாலைகளுக்கு வேலை குறைந்தது. அதே காலத்தில் கிழக்கே மெக்சிகோ டாலருக்குத் தட்டுப்பாடு. இரண்டுக்கும் ஒரே தீர்வாக 1895இல் இந்த நாணயம் பிறந்தது.

முன்புறத்தில் கையில் திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா. பின்னணியில் பாய்மரக் கப்பல். பின்புறத்தின் நடுவே நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து. சுற்றிலும் சீனத்திலும், ஜாவி எழுத்தில் மலாயிலும் 'ஒரு டாலர்' என்ற மதிப்பு. பம்பாய்க்குரிய 'பி' எழுத்து திரிசூலத்தின் நடு முனையில் ஒளிந்திருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் அதைக் காண்பது கடினம்.

சீன வணிகர் எந்த டாலரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சுண்டி ஓசை கேட்டனர், தராசில் நிறுத்தனர். நல்ல வெள்ளி என்று உறுதியானதும் தம் கடை முத்திரையை அதன்மேல் குத்தினர். சேகரிப்பாளர்கள் சாப்மார்க் என்று சொல்வது இதைத்தான். இத்தகைய நாணயத்தைக் காயம்பட்டது என்று ஒதுக்கி விலை குறைப்பது தவறான பார்வை. எத்தனை கைகள் அதைச் சோதித்துத் தேர்ந்தன என்பதற்கு அந்தக் குத்துகளே சாட்சி.

மலாயாப் பகுதியில் இதன் ஆட்சி குறுகியது. நீரிணைக் குடியேற்றங்கள் 1903இல் தமக்கெனத் தனி டாலர் வெளியிட்டதும் அங்கே இது செல்லாக் காசாயிற்று. ஹாங்காங்கிலும் சீனாவிலும் நீடித்தது. 1934இல் அமெரிக்க அரசு பெருமளவில் வெள்ளி வாங்கத் தொடங்க, விலை ஏறி, சீனாவின் வெள்ளி வெளியே பாய்ந்தது. மறு ஆண்டு இறுதிக்குள் சீனாவும் ஹாங்காங்கும் வெள்ளித் திட்டத்தைக் கைவிட்டன. 1935ஆம் ஆண்டிட்ட நாணயங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அதனால் அவை இன்று அரியவை. அரியவை என்பதாலேயே போலிகளும் அதிகம்.

போலிகளில் பல செம்பு நிக்கல் கலவைமீது வெள்ளி பூசியவை. இங்கே எடையே காட்டிக்கொடுக்கும்: அதே விட்டமும் தடிமனும் கொண்ட செம்பு நிக்கல் வில்லை 23 கிராமை ஒட்டியே நிற்கும். தடிமனைக் கூட்டி எடையைச் சரிக்கட்டியிருந்தால் தண்ணீர் சோதனை உதவும். ஒரு பாத்திரத் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதும் மூழ்கவிட வேண்டும். அசல் என்றால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். மொத்த எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி 10.3 அளவில் வரும். கலப்பட உலோகம் என்றால் பெரும்பாலும் 9க்குக் கீழே இறங்கிவிடும். காந்தத்தில் ஒட்டும் நாணயம் உடனே தள்ளத்தக்கது. ஆனால் ஒட்டாமை மட்டுமே அசல் என்பதற்குச் சான்றல்ல.

உண்மை வெள்ளியிலேயே செய்த போலிகளை இச்சோதனைகள் பிடிக்கா. அங்கே கண்தான் துணை. வார்ப்பில் செய்தவற்றின் பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும் தெரியும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஆண்டையும் பார்க்க வேண்டும்: 1905, 1906, 1914 முதல் 1920 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி இந்த நாணயம் வெளிவந்ததே இல்லை. அசல் சாப்மார்க்கின் பள்ளத்திலும் நாணயத்தைப் போலவே பழமை படிந்திருக்கும். பளபளக்கும் புதுக் குத்து, குறையை மறைக்க இட்டதாக இருக்கலாம்.

வாங்கிய பிறகு புளியோ பொடியோ போட்டுத் தேய்க்கக் கூடாது. கருமை படிந்தபடியே விடுவது நல்லது. 1921, 1934, 1935 ஆண்டுகளுக்குரியது என்று ஒன்றை யாரேனும் மலிவாக நீட்டினால், தேர்ந்த நாணயவியலாளரிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம்.