பாலை இடம் மாறிய கதை

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அம்மலையின் நிழலில் திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நாம், தெலுங்கு ஒலிக்கும் தெருக்களிடையே தமிழ் நூல்களைக் கூடிப் படித்து வருகிறோம். அவ்வாறு படித்தவற்றுள் நம் நெஞ்சைவிட்டு அகலாத புதினம், பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013-இல் வெளிவந்த இந்நூல், சாதி தடுத்த காதலைப் பேசுவது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

இதனைப் படிக்குங்கால் நமக்குச் சங்கப் பாலைத்திணை நினைவுக்கு வருகிறது. அகநானூற்றில் மாமூலனார், புல்லி என்னும் தலைவனுக்குரிய வேங்கடத்தைப் பலகால் குறிப்பிடுகிறார். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடக்கும் கடுவழி அது; அதற்கு அப்பால் வேற்றுமொழி நாடு. வெயில், நீரின்மை, ஆறலைக் கள்வர் என அச்சமெல்லாம் வழியிலேயே இருந்தது.

உடன்போக்குப் பாடல்களிலும் அவ்வழியே அஞ்சத்தக்கதாகிறது. அலர் தூற்றும் ஊரும், மகளை இற்செறிக்கும் தாயும் அங்கும் உண்டு. ஆயினும், மகளைத் தேடி அலையும் செவிலியை எதிர்ப்பட்ட முக்கோல் அந்தணர் தேற்றுவதாகப் பாலைக்கலியில் ஒரு காட்சி வருகிறது. அவள் சென்றது அறநெறியே என்பது அவர்தம் முடிபு. இதைக்கொண்டு சங்ககாலத்தைத் தடையற்ற பொற்காலம் எனல் பொருந்தாது. இவை புலவர் வகுத்த மரபேயன்றி ஊர்க் கணக்கேடு அல்ல. எனினும் அச்சமுதாயம் எதனைப் பாடத்தக்க அறமாகக் கொண்டது என்பதற்கு இவை சான்றாகும்.

பூக்குழியில் நிலை வேறு. தோலூர்ச் சோடாக் கடையில் வேலை பார்த்த குமரேசன், சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். வழியில் கள்வர் இல்லை. பேருந்து நலமே கொண்டுவந்து சேர்க்கிறது. ஊரில் இறங்கியபின்னரே அச்சம் தொடங்குகிறது. மாமியாரின் வசை, உறவினரின் புறக்கணிப்பு, ஊர்க்கூட்டத்தின் விலக்கு, இறுதியில் அவள் ஒளிந்த புதருக்கு ஊரார் வைக்கும் தீ. வழியிலிருந்த பாலை, வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

அண்டைமொழியாம் தெலுங்கில் சலம் எழுதிய 'மைதானம்' 1927-இல் வெளிவந்தது. கணவனைப் பிரிந்த ராஜேஸ்வரி, அமீருடன் ஊருக்குப் புறத்தே வெட்டவெளியில் குடியேறுகிறாள். அவளுக்கும் ஊருக்குள் இடமில்லை. அதனை எழுதிய சலமோ தம் இறுதிக் காலத்தைத் தமிழகத்துத் திருவண்ணாமலையில் கழித்தார்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அதனால் காதல் எல்லார்க்கும் பொதுவாயிற்று. பெருமாள்முருகனோ காதலர்க்குப் பெயரிட்டார். அவர்களைப் பிரித்த சாதிகளுக்குப் பெயரிடவில்லை. அதனால் குற்றம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. அவ்வெற்றிடத்தில் அவரவர் தம் ஊரின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சித்தூரும் திருப்பதியும் அதற்கு விலக்கல்ல.

வயதுவந்த இருவரின் திருமணத்தில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ குறுக்கிடலாகாது என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தன் சொல்லைச் சொல்லிவிட்டது. ஆனால் மகளைத் தேடிவரும் தாய் நீதிமன்றத்தை எதிர்ப்படுவதில்லை; நம்மைப் போன்ற அக்கம்பக்கத்தாரையே எதிர்ப்படுகிறாள். அவளிடம் நாம் சொல்லப்போவது முக்கோல் அந்தணரின் சொல்லா, பூக்குழி ஊராரின் சொல்லா? இலக்கியம் படித்ததன் பயனை அந்த ஒரு விடையே காட்டிவிடும்.